மூக்கைப் பார்த்து லாரி சொல்வது எப்படி?

கல்யாண போட்டோவில் மாப்பிள்ளையின் சட்டைக் காலரைப் பார்த்தே, "இது எழுபத்தாறு, எழுபத்தேழு வாக்கில் நடந்த கல்யாணம்" என்று அடித்துச் சொல்கிற மாமாக்கள் எல்லா வீட்டிலும் உண்டு. நாய்க்காது காலர், யானைக்கால் பேண்ட், காதை மறைக்கும் கிருதா. இந்த மூன்றும் இருந்தால் போதும், பத்திரிகையைத் தேட வேண்டாம்.

இதே வித்தையை லாரியிடம் காட்ட முடியுமா? முடியும் சார். அதுவும் சாதாரண லாரி இல்லை. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே, 1919-லிருந்து 1939 வரை, பிரிட்டிஷ் ராணுவம் ஓட்டிய லாரிகள். பார்ப்பதற்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். முன்னால் ஒரு ரேடியேட்டர், பின்னால் ஒரு கித்தான் கூடாரம், பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு சிப்பாய். ஆனால் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் தன் ஜாதகத்தைத் தானே ஒப்பிக்கும்.

"இதைத் தெரிந்துகொண்டால் எனக்கு இன்க்ரிமெண்ட் வருமா?" என்றுதானே கேட்கிறீர்கள்? வராது. ஆனால் இந்த அறிவு ஒரு குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

பி.காம். படித்தவனுக்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம் என்றும் கேட்கலாம். கார்புரேட்டரைக் கழற்றிக் கையில் கொடுத்தால் எனக்குத் திருப்பி மாட்டத் தெரியாது. ஆனால் பற்று வரவு தெரியும். இந்த லாரிகளின் முகத்தில் எழுதியிருப்பது எல்லாம் பற்று வரவுதான்.

அடுத்தவன் லாரி, நம்ம யுத்தம்!

முதலில் ஒரு கணக்கு. யுத்தம் வந்தால் ராணுவத்துக்கு ஆயிரக்கணக்கில் லாரி வேண்டும். யுத்தம் வராவிட்டால் அத்தனை லாரியும் ஷெட்டில் நின்று துருப்பிடிக்கும். என்ன செய்யலாம்?

முதல் உலகப் போருக்கு முன்பே பிரிட்டிஷ் யுத்த இலாகா ஒரு வழி கண்டுபிடித்தது. "நாங்கள் சொல்கிற அளவில், நாங்கள் சொல்கிற அமைப்பில் கட்டின லாரியை நீங்கள் வாங்குங்கள். உங்கள் மாவையோ நிலக்கரியையோ ஏற்றி ஓட்டிச் சம்பாதியுங்கள். வருஷா வருஷம் நாங்களும் கொஞ்சம் பணம் தருகிறோம். ஆனால், யுத்தம் என்று வந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்." இதுதான் மானிய லாரித் திட்டம். வாடகைக்குப் பட்டுப் புடவை எடுப்பது மாதிரி ராணுவம் லாரி எடுத்தது!

1914-ல் யுத்தம் வந்தது. சாவிகளும் வந்தன. லேலண்ட், தார்னிகிராஃப்ட், ஆல்பியன், ஏ.இ.சி. என்று மூன்று டன் லாரிகள் பிரான்ஸ் சேற்றுக்குப் போயின.

1918-ல் யுத்தம் முடிந்ததும் வேறு தலைவலி. இத்தனை லாரியை என்ன செய்வது? இங்கிலாந்தில் ஸ்லௌ என்ற ஊரில் ராணுவ வாகனங்களைக் குவித்து வைத்திருந்தார்கள். 1920-ல் ஒரு தனியார் கம்பெனி 70 லட்சம் பவுனுக்கு மேல் கொடுத்து, அந்த இடத்தையும் ஆயிரக்கணக்கான பழைய வண்டிகளையும் மொத்தமாக வாங்கியது. பட்டாளத்திலிருந்து வெளியே வந்த வாலிபர்கள் கையில் கிடைத்த பணத்தைப் போட்டு ஆளுக்கொரு பழைய லாரி வாங்கி ஓனர் ஆனார்கள். புது லாரி கட்டும் கம்பெனிகளோ ஈ ஓட்டின. லேலண்ட் கம்பெனி, 'நம் பெயர் போட்ட ஓட்டை வண்டி ரோட்டில் நின்றால் மானம் போகுமே' என்று பயந்து, தான் விற்ற லாரிகளில் சுமார் 3,000-ஐத் தானே திரும்ப வாங்கிப் பழுது பார்த்து விற்றது.

இதற்கு நடுவே 1919-ல் லண்டன் மந்திரிசபை ஒரு முடிவு எடுத்தது. 'இன்னும் பத்து வருஷத்துக்குப் பெரிய யுத்தம் கிடையாது என்று வைத்துக்கொண்டு பட்ஜெட் போடுங்கள்.' 1928-ல், நிதி மந்திரியாக இருந்த சர்ச்சில் இதைத் தினமும் புதுப்பித்துக்கொள்ளும் விதியாக மாற்றினார். அதாவது, எந்த நாளில் கேட்டாலும் யுத்தம் பத்து வருஷம் தள்ளித்தான் இருக்கும். "நாளை முதல் சிகரெட்டை நிறுத்துகிறேன்" என்கிறவரின் 'நாளை' மாதிரி! 1932-ல்தான் இதைக் கைவிட்டார்கள்.

இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டு இப்போது போட்டோவைப் பாருங்கள்.

டயரைப் பாருங்கள்

முதலில் பார்க்க வேண்டியது டயர். காற்றே இல்லாமல், கட்டி ரப்பரை வளையமாகச் சக்கரத்தில் மாட்டியிருந்தால் அது முதல் யுத்தக் காலத்து வடிவம். இந்த வண்டிகள் 1920-களிலும் ராணுவத்தில் ஓடிக்கொண்டிருந்தன. புதிது வாங்கப் பணம் இல்லை. இருக்கிறதை ஓட்டு என்ற கதைதான். 1923-க்குப் பிறகு யுத்த இலாகா காற்றடைத்த டயர் போட்ட, 30 ஹண்ட்ரட்வெயிட் பாரம் ஏற்றும் இலகுவான லாரிகளுக்கு மானியம் கொடுக்க ஆரம்பித்தது.

ஹண்ட்ரட்வெயிட் என்றதும் நூறு என்று நினைத்துவிடாதீர்கள். 112 பவுண்டு! ஏறத்தாழ 51 கிலோ. நூறு என்று பெயர் வைத்து நூற்றுப் பன்னிரண்டு எடை போடும் தாராளம் வெள்ளைக்காரனுக்குத்தான் வரும். இலங்கைத் தமிழர்கள் இதை 'அந்தர்' என்பார்கள். 30 அந்தர் என்றால் ஒன்றரை டன்.

சக்கரத்தை எண்ணுங்கள்

போட்டோவில் முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஜோடி. மொத்தம் ஆறு இடத்தில் சக்கரம். இப்படி இருந்தால் கொஞ்சம் சந்தோஷப்படலாம். இரண்டு யுத்தங்களுக்கு நடுவே பிரிட்டிஷ் ராணுவத்தின் தனி முத்திரையே இந்த ஆறு சக்கர லாரிதான். ஆறில் பின் சக்கரங்கள் நான்குக்கும் என்ஜின் சக்தி போகும். முன் சக்கரம் திரும்புவதோடு சரி.

ஏன் இப்படி? முன் சக்கரத்துக்கும் சக்தி கொடுத்தால் இன்னும் நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்றால் அந்த மூட்டு நுணுக்கமாக இருக்க வேண்டும். செலவு அதிகம், சாதாரண ஜனங்கள் வாங்கும் லாரியில் அது கிடையாது. யுத்த இலாகாவுக்கோ சாதாரண ஜனங்களும் வாங்குகிற லாரிதான் வேண்டும். அப்போதுதானே யுத்தம் வந்தால் சாவியைக் கேட்க முடியும்!

ஆகவே ராணுவப் பொறியாளர்கள் பின்பக்கத்துக்கு ஒரு அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு ஆக்ஸில். ஒவ்வொரு பக்கமும் மேலே ஒரு ஸ்பிரிங் கட்டு, கீழே ஒரு ஸ்பிரிங் கட்டு. இரண்டும் நடுவில் ஒரு முளையில் ஊசலாடும். ஒரு சக்கரம் பாறை மேல் ஏறினாலும், பக்கத்துச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் மேலே உள்ள பெட்டி அதிகம் சாயாது. இதற்குக் காப்புரிமை வாங்கியவர்கள், லாரி கம்பெனிகளுக்கு அதை இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். "எடுத்துக்கோ, ஆனால் இதே மாதிரி கட்டு!"

விளைவு? மாரிஸ் கமர்ஷியல், தார்னிகிராஃப்ட், கிராஸ்லி, கை, காரியர், லேலண்ட், ஆல்பியன், வல்கன் என்று எல்லாக் கம்பெனி ஆறு சக்கர லாரிக்கும் பின்பக்கம் ஒரே மாதிரி இருக்கும். எனவே பின்பக்கத்தைப் பார்த்துக் கம்பெனி பெயர் சொல்வது கஷ்டம். காலத்தைச் சொல்லலாம்: 1920-களின் நடுப்பகுதிக்குப் பிறகு.

பின் சக்கரம் இரண்டையும் சேர்த்துச் சுற்றி ஒரு இரும்புப் பட்டை மாட்டியிருந்தால், சேறோ மணலோ வந்திருக்கிறது என்று அர்த்தம். தேவைப்படும்போது மாட்டிக்கொள்ளலாம், ரோடு வந்ததும் கழற்றிவிடலாம். மழைக்கு மட்டும் போடும் செருப்பு மாதிரி.

பின்பக்கம் சக்கரமே இல்லாமல், டாங்கி மாதிரி ரப்பர் பட்டை ஓடினால் அது கெக்ரெஸ் முறை வண்டி. கிராஸ்லியும் பர்ஃபோர்டும் 1920-களில் இப்படிக் கட்டினார்கள். 1927-ல் சாலிஸ்பரி சமவெளியில், குதிரையே இல்லாமல் யந்திரங்களை மட்டும் வைத்து ராணுவம் ஒரு பரீட்சைப் படையைத் திரட்டியது. பர்ஃபோர்டு கெக்ரெஸ் அதில் மெஷின்கன் சுமந்தது.

மூக்கில் இருக்கிறது விஷயம்!

சரி, கம்பெனியை எப்படிக் கண்டுபிடிப்பது? மூக்கைப் பாருங்கள். அதாவது ரேடியேட்டர். அந்தக் காலத்தில் ரேடியேட்டர்தான் கம்பெனியின் நெற்றித் திலகம்.

ரேடியேட்டர் மேல் சிலுவை மாதிரி சின்னம் இருந்தால் கிராஸ்லி. சம்மட்டி பிடிக்கும் ரோமானிய நெருப்புக் கடவுளின் உருவம் என்றால் வல்கன். உதயசூரியன் என்றால் ஆல்பியன். மூடி மேல் இறகுக் கிரீடம் வைத்த செவ்விந்தியத் தலைவனின் தலை இருந்தால் 'கை' கம்பெனி. ஆக, கையும் உண்டு, உதயசூரியனும் உண்டு. இரட்டை இலை எந்தக் கம்பெனிக்கும் இல்லை, தேடி ஏமாற வேண்டாம்!

லேலண்ட் வண்டியில் பெயரையே ரேடியேட்டர் நெற்றியில் எழுதியிருக்கும். இந்த லேலண்ட்தான் பிற்பாடு, 1955-ல், எண்ணூரில் நம்ம அசோக் பெயரோடு சேர்ந்துகொண்ட லேலண்ட்.

அடுத்து மூக்கின் நீளம். டிரைவருக்கு முன்னால் என்ஜின் நீட்டிக்கொண்டிருக்கிறதா, அல்லது என்ஜின் பக்கத்திலேயே டிரைவர் உட்கார்ந்து சப்பை மூக்காக இருக்கிறதா? சப்பை மூக்கு, ஆறு சக்கரம், மூன்று டன், கதவு இல்லை, தலைக்கு மேலே வெறும் கித்தான் என்றால் அனேகமாக அது 1930-களின் லேலண்ட் ரெட்ரீவர். டிரைவருக்கு இங்கிலாந்து மழையிலிருந்து கிடைத்த பாதுகாப்பு கித்தானும் கடவுளும்தான். ஜெனரல் மாண்ட்கோமரி போர்முனையில் தங்கிய நடமாடும் வீடு ஒன்று இந்த ரெட்ரீவர் சேஸிஸ் மேல்தான் இருந்தது. இம்பீரியல் யுத்த மியூசியத்தில் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதற்கு மட்டும் கூரை, கதவு எல்லாம் உண்டு. அதிகாரி என்றால் சும்மாவா!

பிரம்மாண்டமாக, பின் சக்கரம் ஒன்று இடுப்புயரம் தூக்கிக்கொண்டிருந்தாலும் அலட்டிக்கொள்ளாமல் நிற்கிற வண்டி ஒன்று உண்டு. அது ஸ்காமெல் பயனியர். 1920-களின் கடைசியில் வந்தது. இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கிற பல்சக்கரப் பெட்டியே ஏற்றப்பலகை மாதிரி ஆடும். ஆறு சிலிண்டர் கார்ட்னர் டீசல் என்ஜின். இரண்டாம் யுத்தத்தில் பீரங்கி இழுத்தது, டாங்கி சுமந்தது, கவிழ்ந்த வண்டிகளைத் தூக்கியது. ஆபீஸில் எல்லார் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிற ஒருவர் இருப்பாரே, அவர்தான் இவர்.

லாரி வேறு, ட்ரக் வேறு

நாம் இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்கிறோம். பிரிட்டிஷ் ராணுவ பாஷையில் அப்படி இல்லை. 15 அந்தர் வரை சுமந்தால் ட்ரக். 30 அந்தரும் அதற்கு மேலும் என்றால் லாரி. இதைக் கண்ணால் பார்த்தே பிரிக்கலாம். குட்டையான நாலு சக்கர வண்டி, டிரைவருக்கு முன்னால் ஒரே பெரிய கண்ணாடி இல்லாமல் ஆளுக்கொன்றாக இரண்டு சின்ன மடக்குக் கண்ணாடி. இப்படி இருந்தால் 15 அந்தர் ட்ரக்.

இதில் மூன்று பேரை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். மாரிஸ் கமர்ஷியல் சி.எஸ்.8, 1934-ல் வந்தது. 'எஸ்' என்றால் ஆறு சிலிண்டர், '8' என்றால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே சுமார் எட்டடி. அடுத்து 'கை' கம்பெனியின் ஆண்ட். எறும்பு என்று அர்த்தம். 1930-களின் நடுவில் வந்தது. மூன்றாவது பெட்ஃபோர்டு எம்.டபிள்யூ., 1939. இதன் பானெட் மேஜை மாதிரி அகலமாக, தட்டையாக இருக்கும். உள்ளே பெரிய ஏர் ஃபில்டருக்கு இடம் வேண்டும் என்று அப்படி அகலப்படுத்தினார்கள்.

இன்னும் இரண்டு சில்லறைத் துப்பு. ஒன்று, பளபளப்பு. கறுப்பு வெள்ளைப் படத்திலும் வண்டியின் பக்கவாட்டில் மரமோ ஆளோ பிரதிபலித்தால் அது சமாதான காலத்துப் பெயிண்ட். 1939 வரை பளபளக்கும் கரும்பச்சைதான் அடித்தார்கள். சிப்பாய்க்கு வேறு வேலை இல்லை, துடைத்துக்கொண்டே இருந்தான். யுத்தம் வந்ததும் மங்கல் பெயிண்ட். பளபளத்தால் மேலே பறக்கிறவனுக்குத் தெரியுமே!

இரண்டாவது, நம்பர். எம்.டி. மாதிரி எழுத்தில் ஆரம்பிக்கும் மிடில்செக்ஸ் ஜில்லா நம்பர் பிளேட்டுகள் அந்தக் கால ராணுவ வண்டிகளில் உண்டு. இரண்டாம் யுத்தக் காலத்திலோ ராணுவ நம்பருக்கு முன்னால் 'எல்' என்றால் லாரி, 'இசட்' என்றால் ட்ரக், 'எச்' என்றால் இழுவை வண்டி, 'ஏ' என்றால் ஆம்புலன்ஸ்.

கொள்ளுத் தாத்தா இல்லை, தாத்தா!

இப்போது அந்தக் குடும்ப மானக் கதை. நண்பர் ஒருவர். வங்கியில் வேலை. பெயர் வேண்டாம். அவருடைய தாத்தா அந்தக் காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர். ஊரில் ஒரு பேச்சு: "அவன் 1932-லேயே பட்டாளத்தை விட்டு ஓடிட்டான். எங்கேயோ போய் ஒளிஞ்சிருந்துட்டு வந்து பெருமை பேசினான்." நண்பரின் அப்பாவுக்கு எண்பது வயது. சின்ன வயசில் பள்ளிக்கூடத்திலேயே இதைச் சொல்லிக் கிண்டல் செய்திருக்கிறார்கள். அவர் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்.

வீட்டில் ஒரே ஒரு போட்டோ. தாத்தா யூனிஃபார்மில் நிற்கிறார். பின்னால் வெறும் மணல். பக்கத்தில் ஒரு வண்டி. போட்டோவின் பின்னால் ஒரு எழுத்துக்கூட இல்லை.

நானும் நண்பரும் லென்ஸ் வைத்துப் பார்த்தோம். நாலு சக்கரம். குட்டை வண்டி. கதவு இல்லை. டிரைவருக்கு ஒன்று, பக்கத்து ஆளுக்கு ஒன்றாக இரண்டு சின்ன மடக்குக் கண்ணாடி. ரேடியேட்டர் சின்னத்தைத் தாத்தாவின் தோள் மறைத்துவிட்டது.

"போச்சுடா... கம்பெனி பேர் தெரியலையே!" என்றார் நண்பர்.

"தெரிய வேண்டாம். மாரிஸ், கை, பெட்ஃபோர்டு, எதுவானாலும் இந்த மாதிரி ட்ரக் 1934-க்கு முன்னால் கிடையாது. உங்க தாத்தா 1932-ல் ஓடியிருந்தா, 1934-க்கு அப்புறம் வந்த ட்ரக் பக்கத்துல யூனிஃபார்மோட எப்படி நிப்பார்?"

நண்பர் ஒரு நிமிஷம் பேசவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு வண்டி 'இந்த வருஷத்துக்கு முன்னால் இல்லை' என்றுதான் சாட்சி சொல்லும். 'இந்த வருஷத்துக்குப் பின்னால் இல்லை' என்று சொல்லாது. பழைய வண்டி பத்து வருஷம் கழித்தும் ஓடலாம் அல்லவா? அதனால் அந்தப் படம் 1936-ஆ, 1940-ஆ என்று நான் சொல்லவில்லை. எங்களுக்கு வேண்டியிருந்ததும் முதல் பாதி மட்டும்தான்.

நண்பர் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னார். பெரியவர் போட்டோவை வாங்கி, தாத்தாவைப் பார்க்காமல், அந்த ட்ரக்கையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். இப்போது அந்தப் படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

கடைசிக் கணக்கு

1939-ல் யுத்தம் வந்தபோது பிரான்ஸுக்குப் போன பிரிட்டிஷ் படை முழுக்க முழுக்க மோட்டார் படை. ஜெர்மன் ராணுவத்திலோ அப்போதும் லட்சக்கணக்கில் குதிரைகள். அந்த விஷயத்தில் பிரிட்டிஷ்காரன் முன்னால்தான் இருந்தான். ஆனால் மோட்டார் போகாத சேறும் பனியும் வந்தபோது பொதி சுமக்க ஒரு மிருகம்கூட இல்லை. 1939 டிசம்பரில் இந்திய ராணுவத்தின் கோவேறு கழுதைக் கம்பெனிகளைக் கப்பலில் ஏற்றி மார்செய் துறைமுகத்தில் இறக்கினார்கள்!

1940 மே கடைசியில் எல்லாம் தலைகீழ். டன்கிர்க் கடற்கரையிலிருந்து 3,38,000 பேர் கப்பலேறித் தப்பினார்கள். வண்டிகளை ஏற்ற இடமில்லை. பிரான்ஸில் விட்டுவிட்டு வந்தவை ஏறத்தாழ 64,000 வாகனங்கள். ஆயிலையும் தண்ணீரையும் வடித்துவிட்டு, என்ஜின் இறுகி நிற்கும் வரை ஓட விடுங்கள் என்று டிரைவர்களுக்கு உத்தரவு. வருஷக் கணக்கில் துடைத்துப் பளபளக்க வைத்தவன் கையாலேயே அதைச் செய்யச் சொன்னார்கள். அப்படியும் தப்பிய வண்டிகளுக்கு ஜெர்மானியர்கள் தங்கள் சிலுவைச் சின்னத்தை வரைந்து ஓட்டினார்கள். பிற்பாடு வட ஆப்பிரிக்க மணலில் எதிரே வருகிற மாரிஸ் ட்ரக்கில் இருப்பது நம்ம ஆளா, எதிரியா என்று மூக்கை வைத்துச் சொல்ல முடியாமல் போனது.

அந்தக் கடற்கரையில் எடுத்த சில படங்கள் இருக்கின்றன. கரை ஆழமில்லாதது; கப்பல் கிட்டே வர முடியாது. அதனால் கடல் உள்வாங்கிய நேரம் பார்த்து லாரிகளை ஒன்றன்பின் ஒன்றாக மணலில் ஓட்டிக்கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். மேலே பலகைகளைக் கட்டினார்கள். கடல் திரும்பி வந்தபோது அது ஒரு பாலம். ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் அதன் மேல் நடந்துபோய்ப் படகு ஏறினார்கள்.

இருபது வருஷம் காசு எண்ணி, மானியம் எண்ணி, சக்கரம் எண்ணிக் கட்டிய லாரிகள். கணக்குப் புத்தகத்தில் அவை மொத்தமாக நஷ்டம். நானே ஆடிட் செய்தாலும் அந்தப் பக்கம்தான் எழுதுவேன். ஆனால் கழுத்தளவு தண்ணீரில் மணிக்கணக்கில் நின்றவனுக்கு அந்த லாரி மேல் கட்டிய நாலு பலகையின் மதிப்பு என்ன என்று எழுத, பி.காம். சிலபஸில் காலம் எதுவும் இல்லை.

அந்தப் படம் கண்ணில் பட்டால் அவசரப்பட்டுப் புரட்டிவிடாதீர்கள். தண்ணீருக்கு மேலே கொஞ்சம் மூக்கு தெரியும். எந்தக் கம்பெனி என்று பாருங்கள்.